விடிவெள்ளியும் விசாரணையும்

வானத்தில் இனந்தெரியாத ஒளியொன்று தோன்றியது என்றதும், வேற்றுலகத்தார் வந்துவிட்டனர் என்று துள்ளுவோர் நம்மிடையே உளர். கண்டவனுக்குக் கண் கோளாறு என்று கைகொட்டிச் சிரிப்போரும் உளர். இவ்விரு சாராரையும் நாம் மறுக்கின்றோம். இமயத்தின் அப்பால் நடந்த ஒரு விசாரணையே அதற்குப் போதும்.

2012 ஓகஸ்ட் முதல் 2013 பெப்ரவரி வரை, லடாக் எல்லையிலே பாங்கொங் ஏரிக்கரையை அடுத்துக் காவல் நின்ற இந்தியப் படையினர், வானில் ஒளிப்பொருள்களை 329 தடவைகள் கண்டதாகப் பதிந்தனர். அவற்றுள் 155 தடவைகள் அவை எல்லையைக் கடந்து வந்தன என்றும் எழுதினர். சீனாவின் உளவு விமானங்களாக இருக்குமோ என்பது அவர்கள் ஐயம். காலமும் நல்ல காலமன்று. 2013 ஏப்ரலில் அதே லடாக்கின் தெப்சாங் வெளியிலே சீனப் படையினர் கூடாரமடித்து மூன்று வாரமளவில் அகலாதிருந்தனர். அவசரக்காரன் ஒருவன் அந்த ஒளியை நோக்கித் துப்பாக்கியை நீட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்குமோ!

படைத்தலைமை பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தை நாடியது. விஞ்ஞானிகள் அப்பொருள்கள் தோன்றிய நேரத்தையும், விண்மீன்களிடையே அவை நகர்ந்த விதத்தையும் ஒப்புநோக்கினர். இரவு முழுதும் நின்றது வியாழன். விடியுமுன் எழுந்தது வெள்ளி. விசாரணை முடிந்தது.

நம் கமக்காரர் சிரிக்கக்கூடும். விடிவெள்ளியைப் பார்த்து எழுந்து துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த பரம்பரை நமது. ஆயினும் அந்தச் சிப்பாயை நாம் பழியோம். நாலாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், மெல்லிய காற்றினூடே, பகைவன் வருவான் என்று விழித்திருப்பவனுக்கு வெள்ளியும் வேறாகவே தோன்றும். அவன் கண்டது மெய்; கருதியதே பிழை. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தைக் கற்ற எவரும் இதை அறிவர். கண்ணாற் கண்டதைக் கண்டவன் கூறவேண்டும் என்கிறது அதன் 60ஆம் பிரிவு. அதன் பொருளை ஆராயும் இடத்தில் நிபுணருக்கு வழி விடுகிறது 45ஆம் பிரிவு. லடாக்கில் நடந்தது அதுவே. எவரும் சிப்பாயைப் பொய்யன் என்னவில்லை. அவன் எழுதி வைத்த குறிப்பே ஐயத்தைத் தீர்த்தது.

இனி நம் வாசலுக்கு வருவோம். இனந்தெரியாதவை வானில் மாத்திரமா தோன்றுகின்றன? 2011 ஓகஸ்டில் இலங்கையெங்கும் 'கிறீஸ் பூதம்' என்ற அச்சம் பரவிற்று. அம்மாதம் 22ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணம் நாவாந்துறையில், தாம் துரத்திய ஆட்கள் படைமுகாமின் பக்கம் ஓடினர் என மக்கள் கூறினர். கூடி நின்று கேள்வி கேட்டனர். அவ்விரவே படையினர் வீடு புகுந்து தம்மை அடித்து இழுத்துச் சென்றனர் என்று நூறு பேரளவில் முறையிட்டனர். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களும் தாக்கலாயின.

பூதம் என்பது வெறும் வதந்தி என்றனர் அதிகாரிகள். நாமும் பூதத்தை நம்புவோரல்லேம்! பூதம் என்பது அனுமானம். ஓடிய ஆள் என்பது சாட்சியம். அனுமானத்தைப் பொய்யென்று காட்டிவிட்டுச் சாட்சியத்தையும் அதனுடன் சேர்த்துப் புதைப்பது எந்த நாட்டுச் சட்டம்? எவர், எங்கே, எந்நேரத்தில், எதைக் கண்டனர் என்று லடாக்கிற்போல் வரிசையிட்ட அரச அறிக்கை எதுவும் எம் கண்ணிற் பட்டதில்லை.

அமெரிக்க விமானப்படை பறக்கும் தட்டுகளை விசாரித்து, 1969இல் ஏட்டை மூடியபோது, 12,618 முறைப்பாடுகளில் 701 விளங்கவில்லை என்று எழுதியே மூடியது. விளங்கவில்லை என்று எழுதுவதற்கும் நாணயம் வேண்டும்.

அரசினர் விசாரிக்காவிடின் நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. 1974 சனவரி 10இல் தமிழாராய்ச்சி மாநாட்டுக் கூட்டத்தில் ஒன்பது உயிர்கள் பலியானபோது, அரசாங்கம் ஆணைக்குழு அமைக்கவில்லை. யாழ்ப்பாணப் பிரசைகள் குழுவே ஓய்வுபெற்ற நீதியரசர்களான டி கிரெட்சர், மாணிக்கவாசகர் ஆகியோரையும் பேராயர் குலேந்திரனையும் அமர்த்திச் சாட்சியம் பதிந்தது. இளம் வழக்கறிஞர்களை நாம் கேட்பது இதுதான்: கிராமத்தில் எவர் எதைக் கண்டேன் என்று வந்தாலும், சிரிக்காது உட்கார வைத்து, திகதி, நேரம், திசை மூன்றையும் கேட்டெழுதிச் சத்தியக் கடதாசியில் ஒப்பம் வாங்குங்கள். அது வெள்ளியா, வேறெதுவா என்பதைப் பின்னர் பார்ப்போம்.