முகப்பில் தமிழ் எங்கே?

வீட்டின் உள்ளே எத்துணைச் செல்வம் இருப்பினும் வருவோன் கண்ணில் முதற்கண் படுவது வாயிலே. அதனாலன்றோ தமிழ்ப்பெண் விடியுமுன் வாயில் தெளித்துக் கோலமிட்டாள். தமிழன் தன் வாயிலையொட்டி வழிச்செல்வோன் இளைப்பாறத் திண்ணை கட்டினான். அறிமுகமில்லாதவன் அமர்வதற்கும் வீட்டின் முகப்பில் ஓர் இடம் ஒதுக்கிய இனம் தமிழினம். விருந்தினன் உள்ளம் அனிச்சத்தினும் மென்மையானது என்பதும், வரவேற்போன் முகம் சற்றே வேறுபடினும் அது வாடிவிடும் என்பதும் வள்ளுவர் கண்ட உண்மை. விருந்தினன் முதலிற் காண்பது இலையிலிட்ட சோற்றையன்று, முகத்தை என்பதே அதன் உட்கிடை.

இனி, அம் முகம் எம்மொழியில் இருக்கிறது என்பதே வினா.

தமிழைத் தேடி ஒருவன் நெல்லைக்கு வருவதாகக் கொள்க. ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நெல்லை விரைவுவண்டியிலிருந்து விடியலில் இறங்குகிறான். நிலையப் பலகையில் தமிழ் முதலில் நிற்கிறது. அது தானாக வந்த நிலையன்று. 1952 ஆகத்து முதல் நாளில் தொடர்வண்டி நிலையங்களில் இந்தி எழுத்தை அழிக்கும் போராட்டத்தைப் பெரியார் நடத்தினார். 1953இல் கள்ளக்குடி என்னும் ஊர்ப்பெயருக்காகத் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தவர் உண்டு. ஒரு பலகைக்காக இத்துணைப் போராட்டமா என்று அன்று நகைத்தவரும் உண்டு. பலகை என்பது வெறும் மரமோ தகரமோ அன்று, ‘இவ் வீடு எவனுடையது’ என்று கூறும் சான்று என்பதை அவர்கள் அறிந்திலர்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் திருவள்ளுவர் பெயர் தாங்கிய ஈரடுக்கு மேம்பாலம். அப்பால், பாளையங்கோட்டையையும் திருநெல்வேலியையும் இணைக்கப் பொருநையாற்றின் குறுக்கே 1843இல் எழுந்த சுலோச்சன முதலியார் பாலம். இவற்றுக்கு இடையே இருபுறமும் நிற்கும் கடைத்தெருவின் முகத்தை அவன் காண்கிறான். துணிக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை, உணவகம், பயிற்சிக் கூடம் என வரிசையாக நிற்பனவற்றுள் பல, தலைக்கு மேல் ஆங்கிலத்தை ஒளிவிளக்கில் ஏற்றி, தமிழைக் காலடியில் ஒரு கோடியில் ஒடுக்கி வைத்திருக்கின்றன. சிலவற்றில் தேடினாலும் தமிழ் இல்லை. மனோன்மணீயம் சுந்தரனார் பெயரால் 1990இல் பல்கலைக்கழகம் கண்ட ஊர் இது. பாவாணரைச் சங்கரன்கோவிலில் ஈன்றெடுத்த பழைய நெல்லை மாவட்டத்தின் தலைநகர் இது. வந்தவன் உள்ளம் வாடுமா, வாடாதா?

நெறிமுறை இல்லாமையால் நேர்ந்த குறையன்று இது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த ஒழுங்குகள், பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் நிற்கவேண்டும், பிறமொழி அதன்கீழ் வரவேண்டும் என்கின்றன. தமிழுக்கு ஐந்து, ஆங்கிலத்திற்கு மூன்று, வேறு மொழிக்கு இரண்டு என்று எழுத்தளவின் பங்கும் வகுக்கப்பட்டுள்ளது. ஆங்கிலத்தை நீக்குக என்று அவ்வொழுங்கு கூறவில்லை. வீட்டுக்குரியவள் முன்னே நிற்க, விருந்தினர் பின்னே நிற்கட்டும் என்றே கூறுகிறது. இந்த எளிய முறையையும் வணிகர் மீறுகின்றனர். முகப்பு விளக்குக்குச் செலவிடும் தொகையை நோக்க ஒறுப்புத்தொகை மிகச் சிறிது. அதையும் தண்டுவார் அரியர்.

மீறுவதிலும் இருவகை உண்டு. தமிழே எழுதாதவன் ஒருவகை. தமிழெழுத்தில் ஆங்கிலத்தை எழுதிவிட்டுத் ‘தமிழில் எழுதிவிட்டேன்’ என்பவன் மற்றொரு வகை. ‘சில்க்சு’, ‘சுடோர்சு’, ‘மொபைல்சு’, ‘பேக்கரி’ என்று தமிழெழுத்தில் நீட்டி எழுதிய பலகை தமிழ்ப்பலகை ஆகாது. பட்டு மாளிகை, பொருளகம், கைப்பேசியகம், அடுமனை என்னும் சொற்கள் எவர் நாவைச் சுட்டன? முதல்வகையானிடம் தமிழ் இல்லை என்பதாவது வெளிப்படை. இரண்டாம் வகையானோ தமிழின் உடையை ஆங்கிலத்திற்கு அணிவித்து வாயிலில் நிறுத்துகிறான்.

கடைத்தெருவின் நிலை இதுவாக, இற்றை நாளில் வாயில் தெருவில் மட்டும் இல்லை. கைப்பேசித் திரையில் உள்ளது. பத்தமடைப் பாய் வாங்க விரும்பும் மலேசியத் தமிழனும், பாளையங்கோட்டைக் கல்லூரியில் மகளைச் சேர்க்க எண்ணும் விளாத்திகுளத்துத் தாயும், மருத்துவமனையின் நேரம் அறிய விழையும் அம்பாசமுத்திரத்து உழவனும் முதலில் மிதிப்பது இணையத்தளம் என்னும் புதுப் படியையே. கனடா நாட்டுக் கார்லிட்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஓர் இணையப் பக்கம் அழகியதா அன்றா என்னும் மதிப்பீட்டை மாந்தர் உள்ளம் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கிலேயே செய்துவிடுகிறது என்று காட்டியது. கண் இமைக்கும் நேரத்தினும் அது குறைவு. ஒரு சொல்லைப் படித்து முடிக்குமுன்பே உள்ளம் முடிவு கட்டிவிடுகிறது. இச் சிற்றளவு நேரத்தில் தமிழன் ஒருவன் தன்னூர் நிறுவனத்தின் வாயிலில் எதைக் காண்கிறான்? ஆங்கில எழுத்தை; வெளிநாட்டார் முகம் பொறித்த விலைக்கு வாங்கிய படத்தை; வலப்பக்க மூலையில் எறும்பளவில் ‘தமிழ்’ என்னும் சொல்லை. அதை அழுத்தினால் திறவாத பக்கமோ, மாந்தர் எவரும் படித்துப் பாராத பொறிமொழிபெயர்ப்போ வந்து நிற்கிறது. தன் வீட்டிலேயே பின்வாயில் வழியாக நுழைய வேண்டியவன் ஆகிறான் தமிழன்.

இதற்கு வடிவமைப்பாளர் கூறும் விடை ஒன்று உண்டு: ‘தமிழ் கட்டத்துள் அடங்காது, பார்வைக்கு அழகில்லை’ என்பது. இதனைச் சற்று ஆராய்ந்து காண்டல் வேண்டும்.

தமிழெழுத்து எத்துணையோ வாயில்களைக் கண்டது. கல்லில் உளியால் வெட்டப்பட்டபோது தமிழியாக நேர்க்கோட்டில் நின்றது. ஓலையில் எழுத்தாணியால் கீறப்பட்டபோது, ஓலை கிழியாதிருக்க வளைந்தது; புள்ளி குத்தினால் துளை விழுமென்று புள்ளியையும் விட்டது. பொருநை கடலொடு கலக்கும் பக்கத்தே, புன்னைக்காயலில், அன்றிக்கே அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ 1586இல் அச்சேறியதாக அறிஞர் கூறுவர். இந்திய மொழிகளுள் முதலில் அச்சு வாயிலில் நுழைந்தது தமிழே. அதன் தொடக்கச் சுவடுகளுள் ஒன்று இவ் வாற்றங்கரையிலேயே உள்ளது. பின்னர் 1978இல் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் உழைப்பால் தமிழ் இணையத்தில் ஏறியது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. கல்லிலும் ஓலையிலும் ஈயத்திலும் அடங்கிய எழுத்து, கண்ணாடித் திரையில் மட்டும் அடங்காதாம்!

அடங்காமைக்குக் கரணியம் எழுத்தன்று, அளவுகோல். ஆங்கிலத்திற்கென்று வெட்டிய சட்டையைத் தமிழுக்கு மாட்டுகின்றனர். தமிழெழுத்து அகலம் மிக்கது. ணகரமும் ஞகரமும் ஆங்கில எழுத்தினும் இடம் கொள்வன. இகர ஈகாரக் கொக்கிகள் மேலே எழும். உகர ஊகாரச் சுழிகள் கீழே இறங்கும். எனவே வரிக்கும் வரிக்கும் இடைவெளி ஆங்கிலத்தினும் மிகுதியாக வேண்டும். அவ்விடைவெளியைக் குறுக்கினால் மேல்வரிச் சுழியும் கீழ்வரிக் கொக்கியும் ஒன்றோடொன்று மோதும். பருமனைச் செயற்கையாகக் கூட்டினால் சுழிகளின் உள்வெளி அடைபட்டு எழுத்து மைத்துளியாகும். தக்க எழுத்துரு இல்லையெனில் ஒற்றைக்கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமுமாகச் சிதறி, இடையே புள்ளி வட்டம் தோன்றும். தமிழ்ச் சொல் ஒட்டி ஒட்டி நீள்வது. ஆங்கிலத்தின் சிறுசொல்லுக்கு அளந்த பொத்தானுள் அது நுழையாது. தமிழை முதலில் எழுதி, அதற்கேற்பக் கட்டத்தை அளந்தால் இவற்றுள் ஒரு குறையும் நேராது. ஆங்கிலப் பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு இறுதியில் தமிழைத் திணிப்பதாலேயே அத்தனையும் நேர்கின்றன. கடைசியில் வந்தவனுக்குப் பந்தியில் இடமில்லாமற் போவது வந்தவன் குற்றமன்று, இலை போட்டவன் குற்றம்.

வடிவமைப்பாளர் கற்க விரும்பினால் கல்லூரிக்குச் செல்ல வேண்டுவதில்லை. சேரன்மாதேவிக்கு அண்மையில் உள்ள பத்தமடைக்குச் செல்லலாம். அங்கே ஆற்றங்கரைக் கோரையை நீரில் ஊறவைத்து, நூலினும் மெல்லிதாகக் கிழித்துப் பாய் நெய்யும் இசுலாமியப் பெண்கள், திருமணப் பாயில் மணமக்கள் பெயரை எழுத்தெழுத்தாக நெய்து தருகின்றனர். நேராக மட்டும் ஓடும் கோரையில் வளைந்த தமிழெழுத்தை வரச்செய்ய, இழை இழையாக எண்ணவேண்டும். எண்ணுகின்றனர், எழுத்தும் வருகிறது. புல்லில் நிற்கும் தமிழ் திரையில் நில்லாது என்பார் உரை எத்தகையது என்பதைப் படிப்பவரே முடிவுசெய்க.

மற்றொரு தடை எழுப்புவார் உளர். ‘பொருள் நன்றாயின் போதும், முகப்பு எம்மொழியில் இருந்தால் என்ன? நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடையில் பலகையே இல்லையே. அங்கே கூட்டம் நிற்கவில்லையா?’ என்பர். நல்ல வினா. அக்கடை மாலையில் திறந்து, மங்கிய விளக்கொளியில், பெயர்ப்பலகையின்றியே புகழ்பெற்றது. ஆனால் அதன் பெயரை உற்று நோக்குக. விற்கும் இனிப்பின் பெயர் அரபியிலிருந்து வந்தது; கடை நிறுவிய குடியினர் வடக்கிலிருந்து வந்தோர். அவ்வாறிருந்தும் ஊர்மக்கள் அதற்கு ‘இருட்டுக்கடை’ என்று தமிழிலேயே பெயரிட்டனர். அப்பெயரே இன்று உலகெங்கும் செல்கிறது. எந்த விளம்பரக் குழுவும் அமர்ந்து ஆய்ந்து தந்த ஆங்கிலப் பெயரன்று அது. தமிழ்ப்பெயர் வணிகத்தைக் கெடுக்கும் என்பார்க்கு இதனினும் வேறு மறுமொழி வேண்டுவதில்லை.

‘வெளிநாட்டார் வந்தால் என் செய்வது?’ என்பதும் ஒரு தடை. வெளிநாட்டார் தம் நாட்டில் என் செய்கின்றனர் என்று காண்க. கனடாவின் கியூபெக்கு மாநிலம் 1977இலேயே பிரெஞ்சு மொழிக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. 2025 சூன் முதல் அங்குள்ள கடைமுகப்புகளில் பிறமொழி எழுத்துப் பரப்பினும் பிரெஞ்சு எழுத்துப் பரப்பு இருமடங்காக இருத்தல் வேண்டும். வணிக இணையப் பக்கங்களும் அச்சட்டத்திற்குப் புறம்பல்ல. அண்டைக் கருநாடகம் 2024இல் பெயர்ப்பலகையில் அறுபது விழுக்காடு கன்னடம் வேண்டுமெனச் சட்டம் செய்தது. மராட்டியத்தில் மராத்திப் பலகை வைக்க 2023இல் உச்ச முறைமன்றமே வணிகர்க்கு இரண்டு திங்கள் காலக்கெடு தந்தது. இவ்விடங்களில் எல்லாம் வணிகம் படுத்துவிடவில்லை. தமிழ்நாட்டரசோ 2020இல் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழொலிக்கேற்பத் திருத்தி ஆணை வெளியிட்டு, சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுத்துக்கூட்டில் சில பிழை இருந்தது உண்மை. பிழையைத் திருத்துவதற்கு மாறாக முயற்சியையே கைவிடுவது எந்த முறை?

இனி, தமிழியக்கத்தாரும் தம் முகப்பைத் தாமே நோக்கிக்கொள்ளுதல் நன்று. பிறர் பலகையைக் கடியும் அமைப்புகள் சிலவற்றின் இணையப் பக்கங்கள் எத்தகையன? கண்ணைக் குத்தும் பத்து நிறங்கள்; சிவப்பின்மேல் மஞ்சள் எழுத்து; இடைவிடாது ஓடும் வரி; சந்திப்பிழை; ஐந்தாண்டுக்கு முன் நடந்த கூட்டத்தின் அழைப்பு. படிக்க வரும் இளைஞன் ஒரு நொடியில் திரும்பிவிடுகிறான். தமிழென்றால் இப்படித்தான் என்று எண்ணியும் விடுகிறான். தூயதமிழ் தூய வடிவில் வரவேண்டும். கருத்தில் தெளிவு இருந்தால் போதும் என்று கைவிடுவது, சமையல் நன்று என்று கூறி இலையைக் கழுவாது இடுவதற்கு நிகர்.

செய்யத்தக்கவை எளியன. முதலாவது, நெல்லை வணிகரும் கல்விநிலையத்தாரும் மருத்துவமனையாரும் தம் இணையத்தளத்தின் முதற்பக்கம் தமிழில் திறக்குமாறு செய்க. ஆங்கிலம் வேண்டுவோர்க்கு ஒரு பொத்தான் இருக்கட்டும். இரண்டாவது, கருப்பெழுத்து வெளிர்நிறப் பின்புலத்தில், போதிய அளவில், போதிய இடைவெளியுடன் நிற்கட்டும். அம்பாசமுத்திரத்து உழவனின் விலை குறைந்த கைப்பேசியிலும் விரைந்து திறக்கட்டும். மூன்றாவது, பொறிமொழிபெயர்ப்பைத் தமிழறிந்த ஒருவர் படித்துத் திருத்தாமல் வெளியிடற்க. நான்காவது, இணைய முகவரியே தமிழில் அமையலாம் என்பதை அறிக. ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்னும் ஈறுகள் தமிழெழுத்திலேயே உள்ளன. அவற்றைக் கேட்டுப் பெறுவார் மிகச் சிலரே. ஐந்தாவது, பெயர்ப்பலகை ஒழுங்கை மீறுவோரைத் தொழிலாளர் துறைக்கு எழுத்தால் தெரிவிக்கும் பணியை ஊர்தோறும் தமிழ்மன்றங்கள் மேற்கொள்க. இழிசொல் வேண்டா, தார்ச்சட்டி வேண்டா. ஒழுங்கின் எண்ணும் பலகையின் படமும் போதும். வணிகரிடம் முதலில் அன்பாகச் சென்று நல்ல தமிழ்ப்பெயர் எழுதித் தருக. பெயர் தெரியாமையாலேயே ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர் பலர்.

பொருநைக் கரையில் சிவகளையின் முதுமக்கள் தாழியொன்றில் கிடைத்த நெல், ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமையது என 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அத்தாழியை மண்ணுக்குள் வைத்தவர் பெயரை எவரும் அறியார். அவர் விட்டுச்சென்ற ஊரின் வாயிலில் இன்று எந்த மொழி நிற்கிறது என்பதை மட்டும் இன்றுள்ளோர் முடிவுசெய்யலாம். பழமை பேசுவது எளிது. ஒரு பலகையைத் திருத்துவது அரிது. அரியதைச் செய்க. வருவோர் வாயிலிலேயே தமிழைக் காண்க.