பீர் ஆலையின் மண்டி

மதுவின் பெயரைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். குடிக்குப் பரிந்து பேசும் எண்ணம் நமக்கில்லை. தொட்டியின் அடியில் தங்கும் மண்டியைப் பற்றியே இம்மாதம் சொல்ல வந்தோம்.

பார்லிச் சாற்றைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட், அவ்வேலையினூடே பன்மடங்காகப் பெருகிவிடுகிறது. சில முறை மீண்டும் பயன்பட்ட பின் கழிவாகிறது. ஆற்றில் விட்டால், அது அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் மடியும்.

இக்கழிவின் பெருமை வெளிப்பட்ட ஊர்களுள் நாம் குடியேறி வாழும் இந்த மும்பையும் ஒன்று என்பதை அன்பர்கள் அறிவார்களோ? 1928-இல் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூஸி வில்ஸ் அம்மையார், இங்குத் துணி ஆலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகள் கொடிய இரத்தச் சோகையால் வாடுவதைக் கண்டார். சோதனைக்கு வைத்திருந்த குரங்கொன்றுக்கு மார்மைட் கொடுக்க, அது தேறியது. பீர் ஆலை ஈஸ்டின் உட்சாறுதான் மார்மைட். தாய்மாருக்கும் அதனைக் கொடுத்துக் குணங்கண்டு, 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்து ஃபோலேட் என்று பின்னாளில் தெரிந்தது. இன்று கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்திரையில் இரும்புடன் சேர்ந்திருக்கும் ஃபோலிக் அமிலம் அதன் இனமே.

அன்று சாறு, இன்று சக்கை. ஹாப்ஸின் கசப்பைக் கழுவி, சுமார் 50 பாகை சென்டிகிரேடு சூட்டில் ஒரு நாளளவு வைத்தால், ஈஸ்ட் தன்னுள் இருக்கும் நொதிகளாலேயே கரைந்து ஓடு மட்டும் மிஞ்சும். அதைச் சுழற்பொறியில் பிரித்து, சூடான காரத்திலும் பின்னர் அமிலத்திலும் அலசி உலர்த்த, பீட்டா குளூக்கான் என்னும் பொருள் கிடைக்கிறது. இது மனித உடலில் உண்டாவதன்று; பூஞ்சை இனங்களின் ஓட்டில் உள்ளது. ஆதலின் இதனைத் தீண்டும் வெள்ளணுக்கள், அந்நியன் புகுந்தான் என விழித்துக்கொள்கின்றன. அவற்றின் மேலுள்ள டெக்டின்-1 என்னும் புரதமே இதனை இனங்காண்கிறது என்பது 2001-இல் தெரியவந்தது. மீனும் இறாலும் வளர்ப்போர் இதனைத் தீவனத்தில் கலக்கின்றனர்.

‘எதிர்ப்புச் சக்தி தரும்’ என்று கடைகளில் விற்கும் டப்பாக்களை வாங்கலாமா என்று அன்பர் சிலர் வினவுகின்றனர். சளித்தொல்லை சற்றே குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் கூறும்; அவ்வாறு காணாத ஆய்வுகளும் உள. மாற்று உறுப்புப் பொருத்திக்கொண்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து உண்போர், மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடலாகாது. இப்பொடி இருக்கிறதே என்று குழந்தையின் தடுப்பூசித் தேதியைத் தவறவிட்ட குடும்பம் ஒன்றையும் நாம் அறிவோம். சென்ற வாரந்தான் உடன்சென்று போடச் செய்தோம்.