யாருடைய கடல்? யாருடைய பாறை?

முகத்தில் கண்ணாடி மாட்டி, மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு, புதுச்சேரிக் கடலில் மிதந்து மீன் பார்க்கலாம் வாருங்கள் என்று அழைக்கிறார்கள் சில கனவான்கள். கடலடியில் செயற்கைப் பாறை போட்டு மீன் வளர்ப்பது சமுதாயப் பணி என்றும் சொல்கிறார்கள். பாறை போடுவதை நாம் குறை சொல்லவில்லை, நல்ல காரியந்தான். எந்தச் சமுதாயம் என்பதே நம் கேள்வி.

இந்தக் கரைக்குக் கேடு வந்த கதை என்ன? நமது கரையோர மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களில் துறைமுகத்துக்கென்று அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். மணல் தெற்கே தேங்கிற்று, வடக்கே பட்டினி! நகரத்துக் கடற்கரை கரைந்தது. கருங்கல்லைக் கொட்டினார்கள். கொட்டிய இடம் தப்பியது, அலை அதற்கு வடக்கே போய்த் தின்றது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், அப்பால் பொம்மையார்பாளையம் வரை இதே கதைதான். கட்டுமரம் ஏற்ற, வலை உலர்த்த, கருவாடு காயவைக்க மணல் வேண்டாமா? சீமான்களுக்கு மணல் காற்று வாங்கும் இடம். மீனவனுக்கு அது பட்டறை. ஆலைத் தோழனிடமிருந்து தறியைப் பிடுங்கினால் எப்படியோ, அப்படி!

2018-ல் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே பெரும் இரும்புத் தடுப்பை நீருக்குள் அமிழ்த்தினார்கள். அலை தளர்ந்தது, மணல் திரும்பிற்று. விஞ்ஞானத்துக்கு நம் வணக்கம்! ஆனால் மணல் வந்தது நகரின் முகப்புக்கு. குப்பங்களுக்கு எப்போது?

பவளத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நம் கடலடி பெரும்பாலும் மணல்தான். தமிழகத்தின் பெரும் பவளத்திட்டுகள் இருப்பது மன்னார் வளைகுடாவில். தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் பல்லாண்டு அதை வெட்டினார்கள். மூச்சடக்கி மூழ்கியவன் கூலிக்காரன், லாபம் எண்ணியவன் கரையில் இருந்தான். 2001-ல் பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2002 முதல் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் சிமெண்டுச் சட்டங்களில் பவளத்துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்கள். 2016-ல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. கடலைச் சூடாக்கியவன் கட்டுமரக்காரனா?

சுற்றுலாவில் வேலை கிடைக்குமாம். எப்படிப்பட்ட வேலை? 1936 ஜூலை 30-ல் பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு 12 ஆலைத் தோழர்கள் பலியான ஊர் இது. அந்த ரத்தத்தில் வாங்கியது எட்டு மணி நேர வேலை. ரோடியர் ஆலை என்று நாம் அழைத்த ஏ.எஃப்.டி. 2020-ல் மூடப்பட்டது. அந்தத் தொழிலாளியின் மகன் இன்று நேரக் கணக்கில்லாமல் காற்று உருளை தூக்கவேண்டுமா?

பாறையை எங்கே இறக்குவது என்று மீனவப் பஞ்சாயத்தார் தீர்மானிக்கட்டும். வலை எங்கே சிக்கும், மீன் எங்கே முட்டையிடும் என்று அவர்களைவிட அறிந்தவர் யார்? பார்வையாளர் கட்டணத்தில் குப்பத்துக்குப் பங்கு வேண்டும். படகிலும் நீரிலும் உழைக்கும் இளைஞருக்கு எட்டு மணி நேரமும் நியாயக் கூலியும் விபத்து ஈடும் எழுத்தில் வேண்டும். அடுத்த பாறையை இறக்கும் முன், அதிகாரிகள் வைத்திக்குப்பத்து மணலில் உட்கார்ந்து இதற்குப் பதில் சொல்லட்டும் — உட்கார அங்கே மணல் மிச்சமிருந்தால்!