கேட்காமல் எடுக்கும் கடன்

ஒரு குடும்பம் இன்னும் எரிக்காத எரிவாயுவுக்கும் இன்னும் செலவழிக்காத மின்சாரத்துக்கும் தேவைக்கு மேல் அதன் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுப்பது தவறு. எடுத்ததை வட்டியில்லாமல் மாதக்கணக்கில் கையில் வைத்திருப்பது அதைவிடப் பெரிய தவறு. உரியவர் கேட்ட பிறகும் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது நேர்மையற்ற செயல். பிரிட்டனின் எரிசக்தி நிறுவனங்கள் சில இந்த மூன்றையும் செய்திருக்கின்றன. கணினி போட்ட கணக்கு என்று சொல்லிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடும் என்ற நினைப்பில் செய்திருக்கின்றன. தீராது என்பதே நம் தீர்ப்பு.

டைரக்ட் டெபிட் முறையையே நாம் குற்றம் சொல்லவில்லை. ஒரு வீடு ஆண்டு முழுவதும் எவ்வளவு செலவழிக்கும் என்று கணித்து, பன்னிரண்டால் வகுத்து, மாதந்தோறும் ஒரே தொகையை எடுத்துக்கொள்கிறார்கள். கோடையில் ஹீட்டிங் ஓடாது, கட்டிய பணம் மிஞ்சும். டிசம்பரிலும் ஜனவரியிலும் பாய்லர் ஓய்வில்லாமல் ஓடும், மிஞ்சியது கரையும். குளிர்கால பில்லை ஒரேயடியாகக் கட்ட வழியில்லாத குடும்பங்களுக்கு இது மெய்யான ஆறுதல். அக்டோபரில் கணக்கில் மிச்சம் இருந்தால் அது வரப்போகும் குளிருக்கான கையிருப்பு, இருக்கவேண்டியதுதான். ஆனால் மே பிறந்து, பாய்லரை அணைத்த பிறகும் இரண்டு மூன்று மாதக் கட்டணம் கணக்கில் கிடக்கிறது என்றால் கணிப்பு பிழைத்துவிட்டது என்று பொருள். அந்தப் பணம் வீட்டுக்குரியது. அதையும் வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் முதல் இன்னும் கூடுதலாக எடுக்கப்போகிறோம் என்று ஒரு மின்னஞ்சல் வருகிறதே, அங்கேதான் அநீதி தொடங்குகிறது.

கணிப்பு ஏன் பிழைக்கிறது என்பதில் மர்மம் எதுவுமில்லை. மீட்டர் ரீடிங் அனுப்பாத வீட்டுக்கு நிறுவனம் தானே ஓர் எண்ணை ஊகித்துக்கொள்கிறது. ஸ்மார்ட் மீட்டர் தகவல் அனுப்புவதை நிறுத்திவிட்டாலும் அதே ஊகம்தான். புதிதாகக் குடிவந்தவர் தலையில் முன்பு இருந்தவரின் பயன்பாடு விழுகிறது. பிள்ளைகள் வேலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய், நான்கு பேர் வீடு இரண்டு பேர் வீடாகிவிட்டது கணினிக்குத் தெரிவதில்லை. இவையெல்லாம் பிழைகள், திருட்டு அல்ல. பிழை எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, அதைத் திருத்தும் வேலை எப்போதும் வாடிக்கையாளர் மீதே விழும்போது, அதைப் பிழை என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

2022-ஐ நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 1,277 பவுண்டாக இருந்த எரிசக்தி விலை உச்சவரம்பு அந்த ஏப்ரலில் 1,971 ஆனது. அக்டோபருக்கு 3,549 என்று அறிவிக்கப்பட்டு, அரசு தலையிட்டு 2,500-இல் நிறுத்தியது. விலை ஏறியது உண்மை. உக்ரைன் போருக்கு முன்பே எரிவாயுச் சந்தை கொதித்துக்கொண்டிருந்ததும் உண்மை. ஆனால் ஏப்ரலில் உச்சவரம்பு உயர்ந்தது 54 விழுக்காடு. அதே காலத்தில், வழக்கமான மாறும் கட்டணத்தில் இருந்தவர்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் டைரக்ட் டெபிட் இரு மடங்குக்கு மேல் உயர்த்தப்பட்டதை ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் கண்டறிந்து, அந்தக் கணக்குகளை மறுபடி பார்க்கச் சொல்லி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சிலருக்கு அந்த உயர்வு நியாயமாகவே இருந்திருக்கலாம். கேள்வி கேட்கப்பட்ட பிறகுதான் கணக்கையே சரிபார்த்தார்கள் என்பதை நியாயப்படுத்த முடியாது.

வாடிக்கையாளரின் மிச்சப் பணத்தைச் சில நிறுவனங்கள் வட்டியில்லாக் கடன் அட்டை போலப் பயன்படுத்துகின்றன என்று சொன்னதும் ஆஃப்ஜெம்தான். அதில் மிகை இல்லை. 2021-இன் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 30 நிறுவனங்கள் மூழ்கின. மூழ்கியவற்றில் இருந்த மிச்சத் தொகை வாடிக்கையாளருக்குக் காப்பாற்றப்பட்டது, அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பணம் வானத்திலிருந்து வரவில்லை. அந்தத் தோல்விகளின் மொத்தச் செலவு வீட்டுக்குக் குறைந்தது 94 பவுண்டு என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. அது நாட்டின் எல்லா வீடுகளின் பில்லிலும் ஏற்றப்பட்டது. நம் ஊரில் சீட்டு பிடிப்பவர் ஓடிப்போனால் சீட்டு போட்டவர் மட்டும்தான் ஏமாறுவார், அவராவது தெரிந்து போட்டவர். இங்கே சீட்டில் சேர்ந்ததே தெரியாதவர்களும், பக்கத்துத் தெருவில் இருந்தவர்களும் சேர்ந்து கட்டினார்கள்.

அப்படியிருக்க, மிச்சப் பணத்தைத் தனியே பூட்டிப் பாதுகாக்கும் திட்டத்தை 2022 கோடையில் முன்வைத்த ஆஃப்ஜெம், அதே ஆண்டு நவம்பரில் எல்லோருக்குமான கட்டாயமாக அதை ஆக்கவேண்டாம் என்று பின்வாங்கியது. நிறுவனங்களின் செலவு கூடும், அது கடைசியில் பில்லில் வந்து சேரும் என்பது காரணம். அதற்குப் பதிலாக நிறுவனங்கள் சொந்த மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. தேவைப்பட்டால் ஒரு நிறுவனத்தைத் தனியே கட்டாயப்படுத்தும் அதிகாரமும் ஆணையத்திடம் இருக்கிறது. இவற்றால் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காரணத்தைக் கொஞ்சம் உற்றுப்பாருங்கள். பாட்டியின் ஓய்வூதியத்திலிருந்து வந்த 200 பவுண்டை நிறுவனம் தொடக்கூடாது என்றால், அது வேறெங்காவது வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியிருக்குமாம். ஆகவே பாட்டியே வட்டியில்லாமல் கொடுக்கட்டும் என்பதுதான் இதன் பொருள். ஏழைகளும் முதியவர்களும் அடங்கிய கூட்டத்தைக் கேட்காமலே ஒரு தொழிலுக்கு முதலீட்டாளராக்குவதைச் சிக்கனம் என்று ஏற்க நம்மால் முடியாது.

பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாமே என்பார்கள். விலகலாம். ஆனால் பில் வந்த பிறகு கட்டுபவருக்கு உச்சவரம்பே அதிகம். தாமதமும் வாராக்கடனும் அந்த வகையில் அதிகம் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். தன் பணத்தைத் தானே பார்த்துச் செலவழிக்க விரும்பும் கட்டுப்பாடான மனிதரும் அந்தக் கூடுதலைச் சுமக்கிறார். அபராதத்தோடு வருகிற தெரிவு தெரிவாகாது.

அதே 2022-இல், பத்து லட்சம் பேர் சேர்ந்தால் அக்டோபர் 1 முதல் டைரக்ட் டெபிட்டை ரத்து செய்வோம் என்று ஓர் இயக்கம் கிளம்பியது. அந்தக் கோபம் நியாயமானது. அந்த வழியை நாம் பரிந்துரைக்க மாட்டோம். கட்டாமல் விட்டவர் வீட்டுக்கு என்ன நேரும் என்பதை 2023 பிப்ரவரி காட்டியது. கடன் வசூல் முகவர்கள் நோயாளிகளும் குழந்தைகளும் உள்ள வீடுகளுக்குள் நுழைந்து முன்கட்டண மீட்டர் பொருத்தியதை டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டது. அதற்குப் பிறகே அந்தக் கட்டாயப் பொருத்தல் நிறுத்தப்பட்டு, புதிய கட்டுப்பாடுகள் வந்தன. வலுவுள்ளவன் கட்ட மறுத்தால் அது போராட்டம். வலுவற்றவன் மறுத்தால் அவன் வீட்டில் விளக்கு அணையும்.

ஆகவே இருக்கிற உரிமையை விடாமல் பிடிக்க வேண்டும். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் உள்ள நம் தமிழ் வீடுகள் பலவற்றில் பில்லைப் படிப்பது பிள்ளைகளின் வேலை. அம்மா அப்பா பெயரில் கணக்கு, ஆங்கிலக் கடிதம் மேசை இழுப்பறையில். அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்: மாதம் ஒருமுறை ரீடிங்கைப் படமெடுத்து அனுப்புங்கள். மாதத் தொகையை உயர்த்தினால், கணக்கு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். இருப்பதிலேயே புதிய, சரியான தகவலை வைத்து அந்தத் தொகையைத் தீர்மானிக்க வேண்டும் என்பதும், கேட்டால் மிச்சத்தைத் தாமதமின்றித் திருப்பித் தர வேண்டும் என்பதும், தர மறுத்தால் நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்பதும் எரிசக்தி நிறுவனங்களுடைய உரிமத்தின் 27-ஆம் நிபந்தனையிலேயே உள்ளன. நிறுவனத்தின் தவறால் பில் போடாமல் விட்ட, 12 மாதங்களுக்கு முந்தைய பயன்பாட்டுக்கு இப்போது பணம் கேட்கவும் முடியாது. புகார் தீராவிட்டால் எரிசக்திக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. இதைக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை, அது உங்கள் பணம்.

ஆனால் உரிமையைத் தெரிந்தவருக்கு மட்டும் பணம் திரும்பி, தெரியாதவருடையது அங்கேயே கிடக்கும் ஏற்பாட்டை ஓர் ஆணையம் ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலம் முடிந்ததும், ஒரு மாதக் கட்டணத்துக்கு மேற்பட்ட மிச்சம் கேட்காமலே வங்கிக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதுவரை அந்தத் தொகை நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாத தனிக் கணக்கில் இருக்க வேண்டும். மாதத் தொகையை உயர்த்தும் ஒவ்வொரு கடிதத்திலும் அந்த முடிவுக்கு வந்த கணக்கு, ஒரு சாதாரண மனிதர் சரிபார்க்கக்கூடிய வரிகளில் அச்சாக வேண்டும். 2022-இல் கைவிட்ட திட்டத்தை ஆஃப்ஜெம் மீண்டும் கையில் எடுக்கட்டும். அடுத்த குளிர்காலத்துக்கு முன் எடுக்கட்டும்.