லாடம் பார்த்த கண் டயரையும் பார்க்கட்டும்

மாட்டு வண்டி பூட்டிச் சந்தைக்குப் போன காலத்தில், வண்டியை ஒரு தடவை சுற்றிப் பார்க்காமல் விவசாயி புறப்பட மாட்டார். கடையாணி சரியாக இருக்கிறதா, அச்சுக்கு மை போட்டிருக்கிறதா, பூட்டாங்கயிறு இற்றுப் போயிருக்கிறதா, மாட்டின் லாடம் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கொள்வார். பாரம் முன்னால் கூடினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும் என்று தெரிந்து ஏற்றுவார். இதற்கென்று யாரும் வகுப்பு நடத்தவில்லை. தகப்பன் செய்வதைப் பார்த்து மகன் கற்றுக் கொண்டான்.

இன்று அந்த வண்டியின் வேலையில் பெரும் பகுதியை மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் செய்கின்றன. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்த பிறகு, பால் கேனும் புல் கட்டும் உர மூட்டையும் படிப்படியாக இரண்டு சக்கரத்துக்கு மாறிவிட்டன. இது நல்ல மாற்றம்தான். ஆனால் புறப்படுமுன் வண்டியைச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் மட்டும் மாட்டோடு போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து.

சிறு விவசாயி வீட்டில் வண்டி ஓட்டுகிறவரே உழுகிறவர். அவரே தண்ணீர் பாய்ச்சுகிறவர். பயிர்க் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவரும் அவரே. அவர் தலையில் அடிபட்டுப் படுத்துவிட்டால் வட்டி நிற்காது, பயிரும் காத்திருக்காது. மழை பொய்த்தால் ஒரு போகம் போகும். விபத்து நேர்ந்தால் வைத்தியச் செலவுக்கு நிலமே போய்விடும்.

"இதோ வயல்தானே!"

தலைக்கவசம் என்றாலே நம்மவர்களுக்குப் போலீஸ் நினைவுதான் வருகிறது. டவுனுக்குப் போகும்போது மாட்டிக் கொண்டு, ஊர் எல்லை வந்ததும் கழற்றிப் பெட்ரோல் டாங்கின் மேல் வைக்கிறோம். "இதோ வயல்தானே, 2 கி.மீ. போகத் தலைக்கவசமா?" என்று கேட்கிறோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் நாட்டில் நடந்த சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கிராமப்புறச் சாலைகளில் இறந்தவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். ஆகவே ஆபத்து டவுனில் மட்டும் இல்லை. நம் ஊர்ச் சாலையிலும் இருக்கிறது. பின் சீட்டில் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் அதே ஆபத்து உண்டு. 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தலைக்கவசம் வேண்டும் என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது இதனால்தான்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். சாலையோரத்தில் விற்கும் தொப்பி போன்ற கவசம் அபராதத்துக்கு வேண்டுமானால் சாக்குச் சொல்ல உதவும், தலையைக் காக்காது. தலையை ஆட்டினால் கவசம் தனியாக ஆடக் கூடாது. தாடைப் பட்டையைப் பூட்டாவிட்டால் விழும்போது தலைக்கு முன் கவசம் கழன்று ஓடிவிடும். வியர்வைக்கு மெல்லிய பருத்தித் துணி கட்டலாம். தடித்த துண்டை முண்டாசாகக் கட்டி அதன் மேல் கவசம் போட்டால் பிடிமானம் இருக்காது. ஒரு தடவை பலமாக அடிபட்ட கவசத்தை மறுபடி நம்ப வேண்டாம். அந்தி நேரத்தில் கண்ணில் பூச்சி விழாமல் அதன் கண்ணாடி காப்பாற்றுவது கூடுதல் லாபம்.

இரண்டு நிமிடச் சோதனை

காலையில் வண்டியை எடுக்குமுன் பார்க்க வேண்டியவை அதிகமில்லை.

முதலில் டயர். கருவேல முள் ஏறியிருக்கிறதா, காற்று இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாரம் ஏற்றும் நாளில், வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்று இருந்தே ஆக வேண்டும். பட்டன் தேய்ந்து மொட்டையான டயர் சேற்றிலும் மழையிலும் நிற்காது.

அடுத்தது பிரேக். இரண்டையும் பிடித்துப் பாருங்கள். கேபிள் நரம்பு நரம்பாகப் பிரிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். வாய்க்காலில் இறங்கி ஏறிய வண்டியில் பிரேக் நனைந்து பிடிக்காமல் போகும். மெதுவாக ஓட்டிக் கொண்டே லேசாக இரண்டு மூன்று தடவை பிடித்தால் காய்ந்துவிடும்.

பிறகு முன் விளக்கு, பின் விளக்கு, ஹார்ன். விளக்கில் அப்பிய சேற்றைத் துடைக்க ஒரு கந்தல் துணி போதும். சங்கிலி தொய்ந்து தொங்குகிறதா, பெட்ரோல் கசிகிறதா, ஸ்டாண்டு மேலே ஏறியிருக்கிறதா என்பவற்றையும் பாருங்கள்.

கடைசியாக உங்களையே பாருங்கள். வேட்டியோ லுங்கியோ தொங்கினால் சங்கிலியில் சிக்கும், மடித்துக் கட்டுங்கள். சேலை முந்தானையும் துப்பட்டாவும் பின் சக்கரத்தில் சுற்றிக் கொண்டு பெண்கள் விழுவது இன்றும் நடக்கிறது. சக்கரத்தின் மேல் உள்ள காப்புக் கம்பியைப் பாரம் கட்ட இடைஞ்சல் என்று கழற்றி எறியாதீர்கள். இரவு முழுவதும் தண்ணீர் பாய்ச்சிக் கண் விழித்தவரும், மருந்து தெளித்துத் தலை கிறுகிறுப்பவரும் அன்று வண்டியை எடுக்கக் கூடாது.

பாரம் ஏற்றும் முறை

ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. இரண்டு மூட்டை 90 கிலோ. ஓட்டுகிறவர் 65 கிலோ என்றால் மொத்தம் 155 கிலோ. உங்கள் வண்டி எத்தனை கிலோ தாங்கும் என்று கையேட்டில் போட்டிருக்கும். அதில் ஓட்டுகிறவர் எடையும் சேர்ந்தது. 130 கிலோ தாங்கும் வண்டியில் 155 கிலோ ஏற்றினால் பிரேக்கும் டயரும் அந்தக் கணக்குக்குச் செய்யப்பட்டவை அல்ல. இரண்டு நடை போவதால் ஆகும் பெட்ரோல் செலவு, ஒரு எலும்பு முறிவுக்கு ஆகும் செலவில் தூசுதான்.

பாரம் தாழ்வாகவும் இரு பக்கமும் சமமாகவும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பால் கேன் தொங்கினால் வளைவில் வண்டி இழுக்கும். கேன் பாதி நிறைந்திருந்தால் பால் அலம்பும். பிரேக் பிடித்த பிறகும் அது முன்னால் தள்ளும். மொபெட்டின் முன்பக்கம் மூட்டை வைத்தால், ஹேண்டில் பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்த பிறகே கிளம்புங்கள். கயிற்றின் நுனியைத் தொங்க விடாமல் செருகுங்கள். அரிவாள், மண்வெட்டியின் வாயைச் சாக்கில் சுற்றிக் கட்டுங்கள். புல் கட்டு பின் விளக்கை மறைத்தால், இருட்டுமுன் வீடு சேருங்கள்.

ஓட்டும்போது

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடும். நாய் குறுக்கே வந்ததைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள் அவ்வளவு தூரம் போயிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். பாரம் இருந்தால் இன்னும் கூடும்.

பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுவது நம்மிடையே உள்ள பெரிய தவறு. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்வதால் முன் சக்கரத்துக்கே பிடிமானம் அதிகம். ஆகவே தார்ச் சாலையில் நேராகப் போகும்போது இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள். மணல், சேறு, வைக்கோல் மேல் மட்டும் முன் பிரேக்கைத் திடீரென்று பிடிக்காதீர்கள். அங்கே போகுமுன்பே வேகத்தைக் குறைப்பதுதான் சரியான முறை.

வண்டிப் பாதையிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் இடத்தில் முழுதாக நின்று, வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம் பார்த்து ஏறுங்கள். நாற்கரச் சாலையில் திரும்பும் இடம் தொலைவில் இருக்கிறது என்று எதிர்த் திசையில் போவது எமனுக்கு எதிரே போவதுதான்.

நாமே வைக்கும் பொறி

கசப்பாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் சாலையில் பரப்பி, வண்டிகள் ஏறி அடித்துத் தரட்டும் என்று விடுகிறோம். நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் கல்லை வரிசையாக வைக்கிறோம். இருட்டியதும் அந்தக் கல் யார் கண்ணுக்கும் தெரியாது. அதில் வழுக்கி விழுகிறவரும் பெரும்பாலும் பக்கத்து ஊர் விவசாயிதான். களம் இல்லாத ஊரில் வேறு வழியில்லை என்பது உண்மை. அதற்காகக் கிராம சபையில் உலர்களம் கேட்டுத் தீர்மானம் போட வேண்டுமே தவிர, சாலையைக் களமாக்கக் கூடாது.

காகிதமும் காப்புத்தான்

லைசென்ஸும் இன்ஷூரன்சும் இல்லாமல் ஓட்டினால், எதிராளிக்குத் தர வேண்டிய நஷ்ட ஈடு நம் நிலத்தின் மேல் வந்து விழும். பழைய வண்டி வாங்கியவர்கள் ஆர்.சி. புத்தகத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றிக் கொள்ள வேண்டும். வண்டி உரிமையாளர் ஓட்டும்போது இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு 2018 முதல் இருக்கிறது. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான் அது கிடைக்கும்.

சங்கங்கள் முன்வர வேண்டும்

மாட்டுத் தீவனத்தைக் கடனாகக் கொடுத்துப் பால் பணத்தில் பிடித்துக் கொள்வது பால் சங்கங்களுக்குப் பழக்கமான காரியம். அதே முறையில் நல்ல தலைக்கவசங்களை மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குக் கொடுத்து, தவணையாகப் பிடித்துக் கொள்ளலாம். வீட்டுக்கு இரண்டு கொடுக்க வேண்டும். ஒன்று ஓட்டுகிறவருக்கு, மற்றொன்று பின்னால் உட்காருகிறவருக்கு. அடுத்த பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர்களே இதைக் கேட்க வேண்டும். அதுவரை காத்திராமல், புறப்படுமுன் இரண்டு நிமிடம் வண்டியைச் சுற்றிப் பார்ப்பதை நாளைக் காலையிலேயே தொடங்கலாம். அதற்குச் செலவு ஏதும் இல்லை.