பாதிச் சீட்டில் ஒரு வாக்கு

கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கிய மாப்பிள்ளையின் கதை ஊரறிந்தது. ஆகாசராஜன் மகள் பத்மாவதியை சீனிவாசன் கைப்பிடித்த இடம் என்று ஐதீகம் சொல்லும் ஊர் நாராயணவனம். கட்டுக்குப் பேர் போன புத்தூரை அடுத்து, தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஆந்திர எல்லையில் இருக்கிறது. அந்தக் கடனுக்கான வட்டிதான் திருமலை உண்டியலில் விழும் காணிக்கை என்பது பக்தர்களின் நம்பிக்கை. கையில் இருப்பதற்கு மேல் வாக்குக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்றப் பாடுபடுவது நமக்குப் புதிதல்ல. அதையே சீட்டாட்டமாக்கினால் 'இருபத்தெட்டு'.

கேரளத்தில் ஊறிய ஆட்டம் இது. நாலு பேர் போதும். எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரை விலக்கிவிட்டால் மிச்சம் 32 சீட்டு. ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1. ராஜா, ராணிக்குப் பூஜ்யம். இனத்துக்கு ஏழாக நாலு இனத்துக்கும் 28.

முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. உடனே ஏலம். பதினாலில் தொடங்கி ஏறும். அதிகம் கேட்டவர் துருப்பை முடிவு செய்து, ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். எது துருப்பு என்பது அவருக்கு மட்டுமே தெரியும். மீதி நாலு சீட்டு அதற்குப் பிறகுதான் வரும். இறங்கிய இனம் கையில் இல்லாத ஒருவர் கேட்கும்போது துருப்பைத் திறக்க வேண்டும். எட்டே சுற்றில் ஆட்டம் முடிந்துவிடும். டீ ஆறுவதற்குள் இரண்டு ஆட்டம் போடலாம்.

சுவாரஸ்யம் ஏலத்தில்தான். "பத்தொன்பது" என்று சொல்கிறவர் அப்போது பார்த்திருப்பது தன் சீட்டில் பாதியை. மீதிக்கு எதிரே இருப்பவரை நம்ப வேண்டும். அவரோ வாய் திறக்கக் கூடாது. கேட்கிற எண்ணும், 'பாஸ்' என்ற சொல்லும்தான் இருவருக்கும் பொதுவான மொழி. வென்றால் புகழ் இருவருக்கும், தோற்றால் பழியும் அப்படியே.

இலங்கையில் இதன் உறவுக்கார ஆட்டத்துக்குப் பெயர் 304. அங்கே ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20. அதே 304 புள்ளிகளோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர இந்தியர்கள் ஆடுவது 'துன்னி'. 'தண்ணி' என்ற நம் சொல்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். 1860 முதல் 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் வடார்க்காட்டு மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். நாராயணவனப் பகுதியும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. சித்தூர் தனி மாவட்டமானது 1911ல். போகிற இடம் எப்படியிருக்கும் என்று தெரியாமலே ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்குக் கைநாட்டு வைத்தவர்கள் அவர்கள். பாதிச் சீட்டைக்கூடப் பார்க்காத வாக்கு அது. அவர்களின் பேரப்பிள்ளைகள் ஆடும் துன்னியில், ஆறு சுற்றையும் தனியாளாகப் பிடிப்பேன் என்று சவால் விடுவதற்குத்தான் அந்தப் பெயர்.

சீட்டு என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. காரணம் பணம். செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய ஆந்திர வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் பிற்காலத்தில் இணைய ரம்மி வளர்ந்தது. 2020ல் ஆந்திரம் அதைத் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்தையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அத்தனையையும் தடுத்துச் சட்டம் இயற்றியது.

அதற்குள் எத்தனையோ வீடுகளில் நகை அடகுக்குப் போயிருந்தது. நள்ளிரவில் கடன் வாங்கிக் கைபேசியில் ஆடியவருக்கு எதிரே கூட்டாளி என்று யாருமில்லை. அளவு மீறிக் கேட்டால் முறைக்க ஆளில்லை. தோற்றால் கூட உட்கார்ந்து திட்டவும் ஆளில்லை.

இருபத்தெட்டில் அந்த ஆள் எப்போதும் எதிரிலேயே இருக்கிறார். சொன்ன எண்ணைக் காப்பாற்றாவிட்டால் அவர் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதே போதுமான பந்தயம். வெற்றி தோல்விக் கணக்குக்கு, விலக்கி வைத்த ஆறுகளே போதும். பர்ஸ் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.