பட்டாளத்துக்குப் போன தாத்தா

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பழைய கடை ஏதாவதொன்றில் ஏறினால், கல்லாவுக்கு மேலே ஒரு படம் தொங்கும். சந்தன மாலை, சின்னதாக ஒரு மின்விளக்கு, நெற்றி நிறைய விபூதி, தோளில் துண்டு. கடையைத் தொடங்கியவர். அவரைப் பற்றிக் கேட்டால் பேரன்களுக்கு உற்சாகம் வந்துவிடும். விடியுமுன் கடை திறப்பார், ஆளுக்குக் காத்திராமல் மூட்டையைத் தானே இறக்குவார், ஒரு பைசா கடன் வைக்கமாட்டார். அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால் மட்டும் குரல் இறங்கும். "பட்டாளத்தில் இருந்தாராம்."

எந்தப் படை? எந்த நாடு? எத்தனை வருடம்? தெரியாது. அந்த ஒரு 'ஆம்' விகுதியில் ஒரு மனிதனின் இளமை முழுவதும் முடிந்துபோகிறது.

சாலைக்கும் பட்டாளத்துக்கும் தூரம் அதிகமில்லை. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் தலைநகருக்காக உருவாக்கிய இந்தச் சந்தையில் நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இதே நகரத்தின் பாங்கோட்டில் ராணுவ முகாம் இருக்கிறது. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மாவின் படை முறியடித்ததை, அதன் வாரிசான மெட்ராஸ் ரெஜிமெண்டின் திருவிதாங்கூர் பட்டாலியன் இன்றும் நினைவுகூர்கிறது. 280 ஆண்டுகளுக்கு முந்தைய போருக்கு நினைவுத் தூண் உண்டு. ஆனால் 80 ஆண்டுகளுக்கு முன் முடிந்த போரில் சொந்த வீட்டுத் தாத்தா என்ன செய்தார் என்பது வீட்டிலேயே தெரியாது.

அவர் ஏன் போனார் என்பதற்கு விடை சாலையின் அரிசிக் கடைகளில் இருந்தது. திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்கிய நாடு. அதில் பெரும்பகுதி பர்மா அரிசி. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. கப்பல் நின்றது. ரேஷன் வந்தது. அரிசிச் சோறு சாப்பிட்ட குடும்பங்கள் மரச்சீனிக் கிழங்கைப் பங்குபோட்டன. 1943-ல் சேர்த்தலைப் பக்கம் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அந்த நாளில் ஆள் எடுக்கும் அதிகாரி கேட்டது நெஞ்சளவையும் உயரத்தையும்தான். கொடுத்ததோ மூன்று வேளைச் சாப்பாடும் வீட்டுக்கு அனுப்பக் கொஞ்சம் சம்பளமும். தேசபக்தியா, ராஜபக்தியா என்று பிற்காலத்தில் விவாதித்தவர்கள், மாதாமாதம் மணியார்டரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாயாரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

1939-ல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம், 1945-ல் 25 லட்சமாகப் பெருகியிருந்தது. யாரும் கட்டாயப்படுத்திச் சேர்க்கப்படவில்லை என்பது அரசாங்கத்தின் பெருமை. பசி கட்டாயப்படுத்தியதைப் பதிவேட்டில் எழுத இடமில்லை.

தென்னாட்டவர் 'போர்க்குலத்தார்' அல்ல என்பது வெள்ளைக்கார அதிகாரிகளின் பழைய கணிப்பு. அந்தக் கணிப்பில்தான் மெட்ராஸ் காலாட்படையை 1920-களில் கலைத்தார்கள். ஆள் பற்றாக்குறை வந்ததும் 1940-களின் தொடக்கத்தில் மீண்டும் திரட்டினார்கள். அப்போதும் இங்கிருந்து போனவர்களில் கணிசமானோர் வேலை பார்த்தது லாரி ஓட்டும் படையில், பாலம் கட்டும் படையில், தந்திப் பிரிவில், ஆஸ்பத்திரியில், சமையற்கட்டில். இன்னொரு கூட்டம் சீருடைகூட இல்லாமல் கூலிப்படையாக அசாம் எல்லைக்குச் சாலை போடப் போனது. மலேரியாவோடும் வெறுங்கையோடும் திரும்பிய அந்த 'ஆசாம் பணிக்காரர்'களை மலையாளக் கவி வைலோப்பிள்ளி தன் கவிதைக்கே தலைப்பாக்கினார்.

ஆகவே தாத்தாவின் போர் என்பது சினிமாவில் வரும் போர் அல்ல. அது உழைப்பு. இம்பால், கோஹிமாவில் 1944-ல் ஜப்பானியப் படை தடுத்து நிறுத்தப்பட்டது என்று சரித்திரம் சொல்லும். அந்த மலைப்பாதைகளில் மழையில் லாரியை நிறுத்தாமல் ஓட்டியவர்களைச் சொல்லாது. அதே ஆண்டு டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் மீது 1,100 அடிக்கு மேல் நீளமான மிதவைப் பாலம் போடப்பட்டது. தளபதிகள் அதன் மேல் நடந்து போனார்கள். அதை இழுத்துக் கட்டிய கைகளுக்குப் பெயரில்லை.

பெயர் கிடைத்தவர் ஒருவர் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்துக்காரரான சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடிகளைத் தேடி அகற்றும் குழுவை நடத்திச் சென்றார். ஒரு வெடி மிதிபட்டது. அது வெடிப்பதற்குள் இருந்த ஓரிரு விநாடியில் அதன் மேல் விழுந்து, கூட வந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. அவர் யாரையும் கொல்லவில்லை. பிறர் நடப்பதற்கு வழியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அந்தப் போரில் இறந்த இந்திய வீரர்கள் 87,000-க்கும் மேல்.

உயிரோடு திரும்பியவர்கள் நிலைமை வேறு. 1945-க்குப் பின் லட்சக்கணக்கானவர்களை ராணுவம் வீட்டுக்கு அனுப்பியது. கையில் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம், ஓரிரு பதக்கம், ஒரு டிரங்குப் பெட்டி. ஓய்வூதியத்துக்கு வேண்டிய ஆண்டுகள் சேரவில்லை. ஊரில் காலம் மாறியிருந்தது. நாடு கொண்டாடியது எதிர்ப்பக்கத்தில் நின்ற வீரர்களை. அதில் நியாயமும் இருந்தது. திருவனந்தபுரம் பக்கத்து வக்கம் கிராமத்தின் அப்துல் காதர், சுதந்திரப் போராட்டத்துக்காக மலாயாவிலிருந்து ரகசியமாக வந்து இறங்கிப் பிடிபட்டு, 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலேறியவர். இந்திய தேசிய ராணுவத்தாருக்கு 1972-ல் தியாகிகள் ஓய்வூதியம் வந்தது. வெள்ளைக்காரன் படையில் இருந்தவரோ தியாகியும் இல்லை, துரோகியும் இல்லை. வாயைத் திறக்காமல் மூட்டை தூக்கப் போய்விட்டார்.

மாநில அரசுகள் பின்னாளில் ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களது விதவைகளுக்கும் மாத உதவித்தொகை ஏற்படுத்தின. வாங்கச் சான்று வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் அரித்த வீட்டில் தாத்தாவின் ஐந்து வருடமும் அதோடு போயிற்று. பர்மா ஸ்டார் என்பது வெண்கல நிறத்தில் ஆறுமுனை நட்சத்திரம். விவரம் தெரியாத கண்ணுக்குப் பழைய பித்தளை. வீடு மாறும்போது ஓட்டைக் குடத்தோடும் குத்துவிளக்கோடும் எடைக்குப் போன நட்சத்திரங்கள் எத்தனையோ.

சாலைக்கு இதில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. இந்தத் தெருவிலேயே பாத்திரக்கடை நடத்திய ஆ. மாதவன், சுமடு தூக்குகிறவன், எடுபிடிக்காரன், திண்ணையில் படுத்துறங்குகிறவன் என்று யாரும் ஏறிட்டுப் பார்க்காத மனிதர்களைக் கதைகளில் உட்கார வைத்தார். 2015-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது பெற்று, 2021 ஜனவரியில் காலமானார். தெருவில் மறைந்துபோனவர்களில் சிலருக்கு இன்றும் முகம் இருக்கிறதென்றால், வியாபாரத்துக்கு நடுவே ஒருவர் அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்ததுதான் காரணம். கல்லாவில் இருந்தபடியே அதைச் செய்ய முடியும் என்று காட்டியவர் அவர்.

தாத்தாவின் கதையை மீட்பதற்குக் கதாசிரியராக இருக்க வேண்டியதில்லை. டிரங்குப் பெட்டியின் மூடியில் பெயிண்டால் எழுதிய எண், பழைய போட்டோவின் பின்பக்கம் குத்திய முத்திரை, பாட்டிக்கு நினைவிருக்கும் ஓர் ஊர்ப் பெயர் ஆகியவை போதும், தொடங்குவதற்கு. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. நீலகிரியின் வெல்லிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையமும், பெங்களூரில் சாப்பர்ஸ் படையின் மையமும் இருக்கின்றன. போரில் இறந்தவர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. பிழைத்து வந்தவர்களுக்குத்தான் அப்படியொரு பட்டியல் இல்லை. அவர்களது பெயரை வீடுதான் வைத்திருக்க வேண்டும்.

அவசரமும் இருக்கிறது. 1945-ல் 18 வயதாக இருந்தவர் 2025-ல் 98-ஐத் தொட்டுவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ளத் தாத்தாக்கள் அநேகமாக இல்லை. அவர்களிடம் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தலை நரைத்துவிட்டது.

நாலு மணிக்கு எழுந்திருக்கும் பழக்கத்தைத் தாத்தா கடையில் கற்றுக்கொண்டதாகப் பேரன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அது எந்த முகாமின் விசிலுக்கு எழுந்து பழகிய பழக்கமோ, யாராவது இப்போதே விசாரித்துவிடுவது நல்லது.